காலேஜ் புராஜெக்ட்தானே... பாஸ்வேர்டை அப்படியே சேமித்தால் என்ன?

கோடிங் கற்பவர்கள் ‘ஹலோ வேர்ல்ட்’ தாண்டியதும் பெரும்பாலும் கை வைப்பது லாகின் பக்கத்தில்தான். யூசர்நேமுக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம், பின்னால் ஒரு டேட்டாபேஸ். டைப் செய்ததும் டேபிளில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் ‘வெல்கம்’. வைவாவில் மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால், அந்த டேபிளைத் திறந்தால் எல்லோருடைய பாஸ்வேர்டும் பளிச்சென்று தெரியும்.

“அட, டெமோதானே, யாரு வந்து திருடப் போறாங்க?” என்று தோன்றலாம். “டெஸ்ட் பண்ணிப் பாரு மச்சான்” என்று லிங்க் அனுப்பினால், நண்பர் அதற்காகப் புது பாஸ்வேர்டு யோசிப்பாரா என்ன? ஜிமெயிலுக்கு வைத்திருப்பதையே தட்டிவிட வாய்ப்பு அதிகம். புராஜெக்ட் டம்மிதான், உள்ளே விழுந்த பாஸ்வேர்டு அசல்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. சமூக வலைதளங்களுக்கு விட்ஜெட் தயாரித்த அமெரிக்காவின் ‘ராக்யூ’ நிறுவனம், பாஸ்வேர்டுகளை அப்படியே சேமித்து வைத்திருந்தது. 2009 டிசம்பரில் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற பழைய ஓட்டை வழியாக சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே போயின. அதில் முதலிடம் 123456-க்கு! பாஸ்வேர்டு உடைப்பவர்கள் முதலில் எடுக்கும் பட்டியல்களில் ஒன்றாக அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, எப்படிச் சேமிப்பது? ஹாஷ் செய்துதான். அரிசியை அரைத்தால் மாவு. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. லாகின் செய்யும்போது புதிதாக டைப் செய்ததை அரைத்து, பழைய மாவோடு ஒப்பிட்டால் போதும். அசல் பாஸ்வேர்டை சர்வர் சேமித்து வைக்க வேண்டியதில்லை.

பல பழைய டுடோரியல்கள் ‘எம்.டி.5 போட்டால் போதும்’ என்று இங்கேயே நிறுத்திவிடுகின்றன. போதாது. அது மின்னல் வேக மிக்ஸி. நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வினாடிக்குப் பல நூறு கோடி யூகங்களை அரைத்துப் பார்த்துவிடலாம். இன்னொரு சிக்கல், இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் ஹாஷும் ஒன்றாகவே வரும். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சீரற்ற எழுத்துத் தொடரைக் கலக்கிறார்கள். அதற்குப் பெயரே ‘சால்ட்’, நம்ம உப்புதான். 2012-ல் லிங்க்ட்இன்னில் கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் இந்த உப்பு இல்லை.

வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் கல்லுரல்தான் ‘பிகிரிப்ட்’. 1999-லேயே வந்துவிட்டது. பயனர் லாகின் செய்யும்போது அந்தத் தாமதம் உறுத்தாது. கோடிக்கணக்கில் யூகிப்பவருக்குத்தான் உயிர் போகும். பி.எச்.பி.யில் ‘பாஸ்வேர்டு_ஹாஷ்’, ‘பாஸ்வேர்டு_வெரிஃபை’ என இரண்டே ஃபங்ஷன்கள். 2013 முதல் இருக்கின்றன. உப்பையும் அவையே போட்டுக்கொள்ளும். ஜாங்கோவின் யூசர் வசதியைப் பயன்படுத்தினால் இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு வரி வேலையை ‘அட்வான்ஸ்டு’ பாடத்துக்குத் தள்ளிவைக்க ஒரு காரணமும் இல்லை. லாகின் சொல்லித்தரும் அதே வகுப்பிலேயே முடித்துவிடலாம்.

அடுத்து, கிட்ஹப். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கோடுக்குள்ளேயே எழுதி, பப்ளிக் ரெப்போவில் ஏற்றிவிட்டுப் பதறி அழிப்பவர்கள் உண்டு. அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்த பாஸ்வேர்டையே உடனே மாற்றுவதுதான் முதல் வேலை. புதியதை ‘டாட் என்வ்’ ஃபைலில் வைத்து, அந்த ஃபைலின் பெயரை ‘கிட்இக்னோர்’-ல் சேர்த்துவிட வேண்டும்.