லாரிக்கு உயரம் வேண்டுமா?

விக்ரோலி ரயில் நிலையத்துக்கு மேற்கே லால் பகதூர் சாஸ்திரி மார்க்கம். கிழக்கே கிழக்கு விரைவு நெடுஞ்சாலை. இவ்விரண்டிலும் இரவு பகல் என்னாது ஓடும் லாரிகளில் நம்மவர் ஓட்டுவனவும் உண்டு. கடன் வாங்கி நம்மவரே வைத்திருப்பனவும் உண்டு. அத்தகைய இல்லங்களில் அடுப்பு எரிவதும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும், ஊருக்கு அனுப்பும் பணமும் அந்த ஒரு வண்டியைப் பொறுத்தவை. ஆகவே லாரியைப் பற்றிய செய்தி லாரிக்காரருக்கு மட்டும் உரியதன்று. அவர்தம் இல்லத்தார்க்கும் உரியது.

தண்ணீர் லாரி வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணாச்சி, பின்னால ரெண்டு பட்டை கூடப் போட்டா வண்டி தூக்கி நிக்கும்லா? மழைக்காலத்துப் பள்ளத்துல அடி வாங்காதுல்லா?” நாமோ ரயில்வே எழுத்தர், மோட்டார்த் தொழில் நம் தொழிலன்று. ஆயினும் பழைய நான்கு சக்கரக் கூட்ஸ் வண்டிகளும் இதே அடுக்குப் பட்டைகளின் மேல்தான் ஓடின. ஆதலின் பொருள் நமக்கு முற்றும் புதிதன்று. தொழிலறிந்தோரிடம் கேட்டும், உரிய நூல்களைப் பார்த்தும் அவருக்குச் சொன்னவற்றையே நேயர்களுக்கும் சொல்கிறோம்.

ஸ்பிரிங் பட்டை என்பது வில்போல் வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு. இவ்வூரார் இதனைக் கமான் என்பர். நீளமான தாய்ப் பட்டை மேலே இருக்க, அதன் கீழ் வரவரக் குட்டையான பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவே ஒரு சென்டர் போல்ட்டால் கோக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கினை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். பாரம் ஏறும்போது பட்டை நிமிரும். இறங்கும்போது மீண்டும் வளையும். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிமிர்ந்து வளைவதால் எஃகும் சோர்வடையும். அதிக பாரம் ஏற்றினால் அச்சோர்வு விரைந்து வரும்.

இங்கேதான் முதற் கேள்வியைக் கேட்க வேண்டும். வண்டி தாழ்ந்திருப்பது பிறவியிலேயே தாழ்வா, இடையில் வந்த தாழ்வா? சமதரையில், வெற்று வண்டியாக நிறுத்தி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையேயுள்ள உயரத்தை இருபுறமும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை சோர்ந்திருக்கலாம். அல்லது நடுவில் ஒன்று ஒடிந்தே இருக்கலாம். ஒடிந்த பட்டை அடுக்குக்குள் மறைந்து கிடப்பதுண்டு. சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தாலொழியத் தெரியாது. இரு பக்கமும் கம்பெனி சொன்ன அளவினும் தாழ்ந்திருந்தால், கம்பெனி சொன்ன பட்டைகளையே புதிதாகப் போட்டு, இழந்த உயரத்தை மீட்டுக்கொள்ளலாம். அது பழுது நீக்கல். அதற்கு எவரும் குறை சொல்லார். உயர்த்துவோர் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவே என்பது நம் கருத்து.

இல்லாத உயரத்தைப் புதிதாக உண்டாக்குவது வேறு காரியம். எட்டுப் பட்டையுள்ள அடுக்கில் அதே தடிப்புள்ள பட்டை இரண்டு கூட்டினால் அதன் விறைப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடும். தடித்த பட்டையாயின் கணக்கே மாறிவிடும். தடிப்பு இரட்டித்தால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு எட்டு மடங்காகும். விறைப்பு கூடியதும் வண்டி நிமிர்ந்து நிற்கிறது. உடனே சொந்தக்காரர் மனத்தில், “இன்னும் இரண்டு டன் தாங்கும்” என்ற எண்ணம் எழுகிறது. பட்டை தாங்கலாம். அச்சும், பேரிங்கும், டயரும், பிரேக்கும் பழையனவே அன்றோ? அவற்றுக்கு எவரும் வலு கூட்டவில்லை. வெற்று வண்டியாக ஓடும்போதோ, விறைத்த பட்டை குழியின் அதிர்ச்சியைத் தான் விழுங்காமல் சேஸிஸுக்கும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் அனுப்பிவிடுகிறது.

இதனினும் பெரியது கவிழும் அபாயம். சக்கரங்களின் இடையகலத்தில் பாதியை, பாரத்தின் மையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுத்தால், வளைவில் வண்டி கவிழாது நிற்கும் எல்லை கிடைக்கும். பாதி அகலம் 90 சென்டிமீட்டர், மைய உயரம் 180 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், விடை 0.50. வண்டியை 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் விடை 0.46 ஆகிறது. நூற்றுக்கு எட்டுப் பங்கு போயிற்று. பட்டையும் டயரும் ஒருபுறம் அமுங்குவதால் மெய்யான எல்லை இதற்கும் கீழேதான் இருக்கும். கசாரா மலைப்பாதையிலும் கண்டாலா மலைப்பாதையிலும் பாரத்துடன் இறங்கியோர்க்கு இந்த எட்டுப் பங்கின் அருமை தெரியும்.

தண்ணீர் லாரியில் இது இன்னும் கொடியது. 10,000 லிட்டர் தண்ணீர் என்றால் 10 டன். தொட்டி நிறைந்திருந்தால் அந்தப் பாரம் ஓரிடத்தில் நிற்கும். பாதித் தொட்டியாயின், வளைவில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் பாய்ந்து, வண்டி சாயும் பக்கமே சாய்ந்து தள்ளும். உட்தடுப்புத் தகடுகள் முன்னும் பின்னும் அடிக்கும் அலையைக் குறைக்குமேயன்றிப் பக்கவாட்டு அலையை அவ்வளவாகக் குறைப்பதில்லை. பாதி இறக்கிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு விரையும் தண்ணீர் லாரியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்த லாரியை உயர்த்துவது தகாது என்பதே அந்த இளைஞருக்கு நாம் சொன்ன விடை.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். பல லாரிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. பாரம் ஏறினால் இடைவெளி குறையும். அதைக் கண்டு வால்வு பின் சக்கரங்களுக்கு மிகுந்த பிரேக்கை அனுமதிக்கும். பாரம் இல்லையேல் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக்கைக் குறைக்கும். பட்டையைக் கூட்டி இடைவெளியைப் பெருக்கிவிட்டால், பத்து டன் ஏற்றிய வண்டியை வால்வு வெற்று வண்டி என்றே எண்ணிவிடும்! பின் பிரேக்கு குறையும். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. பட்டை வேலை செய்யும் எவரும் இந்த வால்வின் அளவைச் சரிபார்த்தாக வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரங்களுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியின்றி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. பாரம் மிகுந்தால் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் வண்டியைச் சோதிக்க வரும்போது கூடுதல் பட்டை கண்ணில் பட்டால் வழக்கு எப்படித் திரும்பும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

சாலையோரத்தில் செய்யும் சில சிக்கனங்களை விலக்க வேண்டும். சோர்ந்த பட்டையைக் காஸ் தீயில் பழுக்கவைத்து அடித்து வளைப்பர். எஃகின் பதம் அத்துடன் போய்விடும். ஒடிந்த பட்டையை வெல்டிங் வைப்பதும் அத்தகையதே. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே மரக்கட்டை கொடுப்பதும், கட்டை மேல் கட்டை அடுக்குவதும் கூடா. முன் அச்சிலோ எந்தக் கட்டையும் கூடாது. ஸ்டியரிங் அங்கேயன்றோ இருக்கிறது.

இனி, பட்டை மாற்றும் வேலையில் உயிர் காக்கும் பகுதி. பாரத்தை இறக்கிவிட்டு, கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்த வேண்டும். மே மாத வெயிலில் தார் இளகும். மழையில் மண் இளகும். இரண்டிலும் ஜாக்கி புதையும். காங்கிரீட் தரை கிடையாதாயின் ஜாக்கியின் அடியில் அகலமான கனத்த பலகை இட வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ளட்டும். அடுத்து ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள். லாரியின் கைப்பிரேக்கு பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்புறத்தைத் தரையினின்று தூக்கியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. ஆகையால் தூக்குவதற்கு முன்பே முன் சக்கரங்களின் இருபுறமும் முட்டுக்கட்டை வைத்தாக வேண்டும்.

ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கன்று. அதன் உள்ளே இருப்பது எண்ணெய். ஒரு சிறு வாஷர் கிழிந்தால் போதும், வண்டி இறங்கிவிடும். சேஸிஸைத் தூக்கியதும், தாங்கும் எடை பொறித்த இரும்பு ஸ்டாண்டுகளை இருபுறமும் வைத்து, அவற்றின் மேல் வண்டியை இறக்கிய பிறகே கீழே தலை நுழைக்கலாம். செங்கல், சிமெண்ட் கல், பழைய சக்கர டிஸ்க் ஆகியவற்றை அடுக்குவோரை நாம் இந்த விக்ரோலிச் சாலையோரத்திலேயே பார்க்கிறோம். கல் வெடிக்கும்போது முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. அச்சை வேறொரு ஜாக்கியால் தாங்கி, பட்டையில் இழுவிசை இல்லாதபடி செய்த பின்னரே யூ போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் பட்டை துள்ளி அடிக்கும். டிப்பர் லாரியாயின், தூக்கிய தொட்டிக்கு இரும்பு முட்டுக் கொடாமல் எவரையும் அடியில் விடலாகாது. உதவிக்கு வரும் சிறு பையன்களை எக்காரணம் கொண்டும் விடலாகாது.

நம் இலாகா சம்பந்தமாக இடையில் ஒன்று. சரக்கு வண்டிகளின் உயர வரம்பு 2020-இல் 3.8 மீட்டரிலிருந்து 4 மீட்டராக உயர்த்தப்பட்டது. மின்சார ரயில் பாதையின் லெவல் கிராசிங்குகளில் 4.67 மீட்டர் உயரத்தில் ஒரு தடுப்புச் சட்டம் நிற்கும். அதற்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். பட்டையை உயர்த்தி, அதன் மேல் வைக்கோலும் மூட்டையும் ஏற்றிச் செல்வோர், கயிறு கட்டுவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்ப்பது நலம்.

வேலை முடிந்ததும் யூ போல்ட்டுகள் புதியனவா என்று கேளுங்கள். ஒருமுறை இழுபட்டவற்றை மீண்டும் மாட்டலாகாது. வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே அவற்றைக் கடைசியாக இறுக்க வேண்டும். புரொபெல்லர் ஷாப்டின் ஜாயிண்டும், பிரேக்கு ஹோஸ்களும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்விளக்கின் ஒளி எதிர்வருவோர் கண்ணில் படாதபடி தாழ்த்த வேண்டும். முதற் பாரம் ஏற்றி ஓட்டி வந்த அன்றே பட்டறைக்குத் திரும்பிச் சென்று நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்தவுடன் அவை தளர்ந்திருக்கும்.