பேர் சொல்லும் தெருக்கள்

ஊரைக் காண்பதும் ஒரு கல்வியே. நூலைக் கற்கப் புகுவோர் முதலில் பொருளடக்கத்தை நோக்குவர். அதுபோல, ஊரைக் காணப் புகுவோரும் அதன் அமைப்பை முன்னரே அறிந்துகொள்ளுதல் வேண்டும். சிற்றூராயின் கால் போன வழியே நடந்தும் கண்டு வரலாம். பல நாட்டினரும் பல தொழிலினரும் தெருத் தெருவாகக் குடியேறி அமைத்த பெருநகரப் பகுதியாயின், திட்டமின்றிச் செல்வோர் நெரிசலைக் கண்டு மீள்வரேயன்றி ஊரைக் கண்டு மீளார். சென்னை மாநகரின் ஜார்ஜ் டவுன் அத்தகைய பகுதியாகும்.

அங்குச் செல்லுமுன் அறியத்தக்கது அதன் பிறப்பு வரலாறு. 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றுப் பின்னர்க் கோட்டை எழுப்பினர். அதன் வடபால் நெசவாளரும் வணிகரும் குடியேற, ஒரு நகரம் தோன்றியது. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தனர். பின்னர் நகரை மீளப் பெற்ற ஆங்கிலேயரும், கோட்டையின் காவலுக்கு இடையூறென்று கருதி எஞ்சியவற்றை இடித்தனர். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அது பின்னர்ப் பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுப்பப்பெற்றது. இடிபட்ட நகரின் நிலத்தில்தான் 1892-இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கட்டடம் இன்று நிற்கின்றது. இடம் இழந்த மக்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்னும் இரு பேட்டைகளில் குடிபுகுந்தனர். அவ்விரு பேட்டைகளே பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றன.

இரு பேட்டைகளுக்கும் இடையே வடக்குத் தெற்காகச் செல்வது பிராட்வே. அதன் இன்றைய பெயர் பிரகாசம் சாலை. இச்சாலையை எல்லையாகக் கொண்டு, கிழக்குப் பகுதிக்கு ஒரு நாளும் மேற்குப் பகுதிக்கு ஒரு நாளும் ஒதுக்குதல் நன்று. அனைத்தையும் ஒரே நாளில் காண முயல்வோர் எதனையும் செவ்வனே காணார். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்தும், உயர்நீதிமன்றம், மண்ணடி ஆகிய மெட்ரோ நிலையங்களிலிருந்தும் நடந்தே செல்லலாம். நடையைப் பாரி முனையில் தொடங்குவது பொருத்தமாகும். கோட்டையைச் சூழ வீடு கட்டலாகாத நிலத்திற்கு அக்காலத்தில் எல்லைக் கற்கள் நாட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்று அங்குள்ள டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் உள்ளது.

முதல் நாள் கிழக்குப் பகுதியைக் காணலாம். அரண்மனைக்காரத் தெரு என்று வழங்கும் ஆர்மீனியன் தெருவில், ஆர்மீனிய வணிகர் 1772-இல் எழுப்பிய தேவாலயம் உள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதனை நடத்திய பாதிரியாரின் கல்லறை இத்தேவாலய வளாகத்தில் இருக்கின்றது. அண்மையில் பவழக்காரத் தெரு உள்ளது. மத்தியதரைக் கடலின் பவழத்தைக் கொணர்ந்து, இந்நாட்டு வைரத்தைக் கொண்டு சென்ற யூத வணிகர் வாழ்ந்த தெரு அது. அவர் நீங்கிய பின்னர் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கு இடம்பெற்றனர். அங்கப்ப நாயக்கன் தெருவில் மாமூர் பள்ளிவாசலும், தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலும் உள்ளன. வந்தவர் மறைந்தாலும் தெருவின் பெயர் அவரை மறக்கவில்லை.

இரண்டாம் நாள் மேற்குப் பகுதிக்கு உரியது. கம்பெனியாரின் நாணயச் சாலை இருந்தமையால் பெயர் பெற்றது தங்கசாலைத் தெரு. அதனை அடுத்த சௌகார்பேட்டையில் குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் வந்த வணிகர் வாழ்கின்றனர். வள்ளலார் இளமையில் பாடிப் பரவிய கந்தகோட்டமும் இப்பகுதியில் உள்ளது. ஏழுகிணறு என்னும் பெயர், கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காக 1772-இல் அமைந்த கிணறுகளை நினைவூட்டும்.

நாளும் பொழுதும் தேர்தலும் திட்டத்தில் அடங்கும். வணிகத்தைக் காண விரும்புவோர் வேலை நாளில் செல்லவேண்டும். கட்டடங்களைக் காண விரும்புவோர்க்குக் கடைகள் பலவும் மூடிய ஞாயிற்றுக்கிழமைக் காலையே உகந்தது. நண்பகலில் கோயில்கள் நடை சாத்தப்படும். தேவாலயமும் குறித்த நேரங்களில் மட்டுமே திறந்திருக்கும். ஆதலின் வழிபாட்டிடங்களைக் காலையில் காண்பது நலம்.

இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. ஜார்ஜ் டவுன் பொருட்காட்சி அன்று. பல்லாயிரவர் உழைத்து உண்ணும் இடம். மூட்டை சுமப்போர்க்கும் மீன்பாடி வண்டி இழுப்போர்க்கும் வழிவிட்டு நிற்றல் வேண்டும். ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், அவ்வவ்விடத்தின் முறையறிந்து நடத்தல் பண்பாகும்.

காலந்தாழ்த்தாது செல்வதும் நன்று. திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் இடிக்கப்பெற்று, அவ்விடங்களில் அடுக்குமாடிக் கடைகள் எழுகின்றன. ஒரு முறை படைவீரர் இடித்த ஊரை மக்கள் மீண்டும் எழுப்பினர்; இன்று சிறிது சிறிதாக மறைவதை எழுப்புவார் இலர். ஆதலின் அங்குச் செல்லும் மாணவர் கையில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். தெருவின் பெயரையும், அங்கு நடக்கும் தொழிலையும், அங்கு வாழும் முதியோர் கூறுவனவற்றையும் அதில் எழுதி வைத்தல் வேண்டும். கட்டடம் மறைந்த பின்னர், அவ்வூரை அறிய விரும்புவோர்க்கு அக்குறிப்பே வழிகாட்டும்.