முடிக்குத் தெரிந்ததும் தெரியாததும்

2019 ஆகஸ்ட் 3, நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் திருவனந்தபுரத்தில் ‘சிராஜ்’ நாளிதழின் செய்தியாளர் கே.எம். பஷீர் மீது கார் ஒன்று மோதியது. பஷீர் உயிரிழந்தார். காரை ஓட்டிவந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் ஐஏஎஸ் அதிகாரி. அவர் குடித்திருந்தாரா என்று கேரளமே கேட்டது. ஆனால் அவருடைய ரத்தம் எடுக்கப்பட்டதோ ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து. அதில் மது இல்லை என்று ஆய்வக அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையை வைத்து இரண்டு பக்கமும் எதையும் நிறுவ முடியாது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். உடலோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் அதைக் கரைத்துவிடுகிறது. ஒன்பது மணி நேரத்தில் சட்ட வரம்பைப் போல நான்கு மடங்குக்கும் மேலான மது சுவடின்றிப் போய்விடும்.

ரத்தம் மறந்ததை முடி நினைவில் வைத்திருக்குமா? வைத்திருக்கும், அதன் போக்கில்.

குடித்த மதுவில் மிகச் சிறு பங்கைக் கல்லீரல் ‘எத்தில் குளுகுரோனைடு’ என்ற பொருளாக மாற்றுகிறது. அது ரத்தம், வியர்வை வழியாக, வளரும் முடிக்குள் போய்ச் சேர்கிறது. கஞ்சா, கொக்கேன், ஹெராயின் போன்றவையும் அவற்றின் சிதைபொருள்களும் இப்படியே முடியில் தங்குகின்றன. தலைமுடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோலை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாத வரலாறு.

உச்சந்தலையின் பின்புறத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைத் தோலோடு ஒட்ட வெட்டுவார்கள், பிடுங்குவதில்லை. வேர்ப்பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் மடித்து அனுப்புவார்கள். ஆய்வகத்தில் முதல் வேலை கழுவுவது. தேங்காய் எண்ணெய், தூசு, பக்கத்திலிருந்தவர் விட்ட புகை எல்லாம் போனால்தான் உள்ளே இருப்பதைப் பேச முடியும். பிறகு பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிகிராம் முடியில் 30 பிகோகிராம் எத்தில் குளுகுரோனைடு இருந்தால் நீண்ட நாள் மிதமிஞ்சிய குடி என்று கருதலாம் என்பது பன்னாட்டு முடி ஆய்வுச் சங்கத்தின் அளவுகோல். பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

இந்தியாவிலும் காவல்துறை முடியைத் தேடி வருகிறது. கன்னடத் திரையுலகை உலுக்கிய 2020 பெங்களூரு போதைப்பொருள் வழக்கில் முடி மாதிரிகள் ஹைதராபாத் மத்திய தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயின. 2025 ஏப்ரலில் கொச்சியில் ஒரு நடிகர் மீதான வழக்கிலும் முடியும் நகமும் சேகரிக்கப்பட்டன.

ஆனால் முடியின் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. கறுப்பு நிறம் தரும் மெலனின், கொக்கேன் போன்ற மருந்துகளை அதிகம் பிடித்துவைக்கும். ஒரே அளவு உட்கொண்டாலும் கருங்கூந்தலில் கூடுதலாகத் தெரியலாம். எத்தில் குளுகுரோனைடு மெலனினைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் பிளீச் செய்தால் குறைந்துபோகும். மொட்டை போட்டிருந்தால் மார்பு, கை முடியை எடுக்கலாம். அது வளரும் வேகம் வேறு என்பதால் மாதக் கணக்கு குழம்பிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. முடி தோலுக்கு வெளியே தலைகாட்டவே ஒரு வாரம் போல ஆகும். நேற்றிரவு குடித்தது அதற்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் குடித்ததும் பெரும்பாலும் பதிவாகாது. திருவனந்தபுரத்தில் அன்று முடியை வெட்டியிருந்தாலும், அந்த நள்ளிரவைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லியிருக்காது.

பழக்கத்தை அறிய முடி. அந்த நேரத்து நிலையை அறிய மூச்சும் ரத்தமும். விபத்து நடந்த முதல் மணி நேரத்தைத் தவறவிட்டால், எவ்வளவு நுட்பமான கருவியாலும் அதை மீட்டெடுக்க முடியாது.