வேலைநிறுத்தத்தின் இடமும் கார் உற்பத்தியும்: அமெரிக்க வாகனத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலைநிறுத்தத்தின் வலிமையைப் பங்கேற்போரின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது பொதுவழக்கு. கார் உற்பத்தியில் இவ்வளவுகோல் போதுமானதன்று. உற்பத்திச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் வேலை நிற்கிறது என்பதே பாதிப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ஃபிளின்ட் (1936–37), டேட்டன் (1996), ஃபிளின்ட் (1998) ஆகிய இடங்களில் நிகழ்ந்த போராட்டங்களையும், 2023-இல் மூன்று நிறுவனங்களில் நடந்த போராட்டத்தையும் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை இக்கருத்தை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், உள்ளிருப்புப் போராட்டம், உதிரிபாக வழங்கல், கூட்டுப்பேரம்.

முன்னுரை

ஒரு கார் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களின் தொகுப்பு. எஞ்சின் ஓர் ஆலையிலும், உடற்கூட்டின் தகடுகள் வேறோர் ஆலையிலும், தடைக்கருவிகள் மற்றோர் ஆலையிலும் உருவாகிப் பொருத்துதல் ஆலையில் ஒன்று சேர்கின்றன. அவற்றுள் ஒன்று வந்து சேராவிடினும் கார் முழுமை பெறாது. இத்தகைய அமைப்பில் எல்லா ஆலைகளும் சம முதன்மை உடையன அல்ல. சில ஆலைகளுக்கு மாற்று உண்டு, சிலவற்றுக்கு இல்லை. மாற்று இல்லாத ஆலையில் பணிபுரியும் தொழிலாளரின் கையில் முழு நிறுவனத்தையும் நிறுத்தும் ஆற்றல் தங்கிவிடுகிறது. இவ்வாற்றல் எவ்வாறு உருவானது, நிறுவனங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன, அதன் எல்லை எது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

ஃபிளின்ட் உள்ளிருப்புப் போராட்டம்: 1936–37

ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் 1935-இல் தோன்றியது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் அப்போது அச்சங்கத்தின் உறுப்பினர் சிலரே. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முழுவதிலும் வேலையை நிறுத்தும் ஆள்பலம் அதற்கு இல்லை. எனினும் நிறுவனத்தின் கார் உடற்கூடுகளுக்குரிய தகடுகளை வடிவமைக்கும் முதன்மையான அச்சுகள் இரண்டு ஆலைகளிலேயே இருந்தன. ஃபிளின்ட்டின் ஃபிஷர் பாடி முதலாம் ஆலையில் பியூக், போன்டியாக், ஓல்ட்ஸ்மொபில் முதலிய கார்களுக்கான அச்சுகளும், கிளீவ்லாந்து ஆலையில் செவ்ரொலே கார்களுக்கான அச்சுகளும் இருந்தன. தொழிற்கூட வழக்கில் இவை ‘டை’ எனப்படும்.

1936 டிசம்பர் 28-இல் கிளீவ்லாந்தில் வேலை நின்றது. டிசம்பர் 30-இல், ஃபிளின்ட்டிலிருந்து அச்சுகள் வெளியேற்றப்படுகின்றன என்ற செய்தி பரவியதும் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்தனர். வாயிலில் நின்று மறியல் செய்வதைவிட உள்ளே அமர்வதில் இரு பயன்கள் இருந்தன. மாற்று ஆட்களைக் கொண்டு ஆலையை இயக்க இயலாது. அச்சுகளை வேறிடத்துக்குக் கொண்டு செல்லவும் இயலாது. 1937 பிப்ரவரி 1-இல், வேறோர் ஆலையில் ஆரவாரம் எழுப்பிக் காவலர்களின் கவனத்தைத் திருப்பிய தொழிலாளர், செவ்ரொலே எஞ்சின்களைச் செய்யும் நான்காம் ஆலையைக் கைப்பற்றினர். உடற்கூட்டின் அச்சும் எஞ்சினும் ஒருங்கே அவர்கள் வசமாயின.

ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவற்படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அதனைப் பயன்படுத்தவில்லை. 44 நாட்களுக்குப் பின் பிப்ரவரி 11-இல் உடன்பாடு ஏற்பட்டது. 17 ஆலைகளில் சங்கத்தை அதன் உறுப்பினர்களின் பேச்சாளராக ஆறு மாத காலத்துக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. உறுப்பினர் எண்ணிக்கை பெருகிய பின் கிடைத்த வெற்றி அன்று இது. வெற்றிக்குப் பின்னரே எண்ணிக்கை பெருகியது. ஆயினும் அதற்கு உதவிய வழி நெடுநாள் திறந்திருக்கவில்லை. ஆலையைக் கைப்பற்றி அமர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என 1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபான்ஸ்டீல் வழக்கில் தீர்ப்பளித்தது.

எண்ணிக்கை வழி: 1970

இதற்கு மாறான சான்று 1970-ஆம் ஆண்டுப் போராட்டமாகும். ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் ஏறத்தாழ 4 லட்சம் பேர் 67 நாட்கள் வேலையை நிறுத்தினர். விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வுக்கு இருந்த உச்சவரம்பு நீங்கியது. 30 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வு பெறும் உரிமைக்கும் வழி பிறந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் உதவித்தொகை வழங்கியதில் சங்கத்தின் நிதி கரைந்தது. எல்லா ஆலைகளிலும் வேலை நிற்கும்போது நிறுவனத்தின் இழப்பு மட்டுமன்றிச் சங்கத்தின் செலவும் உச்சத்தை அடைகிறது என்பது இதனால் தெளிவாகும்.

இருப்புக் குறைப்பும் வலுவிழந்த கண்ணியும்: 1996, 1998

ஒரே பாகத்தை இரு ஆலைகளில் செய்வதும், கிடங்கில் உதிரிபாகங்களைச் சேர்த்து வைப்பதும் செலவு மிக்கவை. எனினும் வேலைநிறுத்தக் காலத்தில் அவையே நிறுவனத்துக்குக் காப்பு. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த, தேவையான பாகத்தைத் தேவையான நேரத்தில் மட்டும் தருவிக்கும் முறையை 1980-களுக்குப் பின் அமெரிக்க நிறுவனங்களும் பின்பற்றத் தொடங்கின. இருப்பு குறைந்தது, மாற்று ஆலைகளும் குறைந்தன. செலவு மிச்சமாயிற்று. அம்மிச்சமே நிறுவனத்தின் வலுவின்மையாகவும் மாறியது.

1996 மார்ச்சில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தடைக்கருவிகள் செய்யும் இரு ஆலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 தொழிலாளர், பணிகள் வெளிநிறுவனத்துக்கு ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து வேலையை நிறுத்தினர். போராட்டம் 17 நாட்களே நீடித்தது. அதற்குள் வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் பொருத்துதல் ஆலைகளுள் பெரும்பாலானவை நின்றுவிட்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர்.

1998-இல் இதே நிலை மேலும் பெரிய அளவில் மீண்டது. ஃபிளின்ட்டின் உலோகத் தகட்டு ஆலையிலிருந்து நிறுவனம் ஒரு விடுமுறை வாரயிறுதியில் அச்சுகளை அகற்றியது. ஜூன் 5-இல் அங்குள்ள 3,400 பேர் வேலையை நிறுத்தினர். ஜூன் 11-இல் டெல்ஃபி கிழக்கு ஆலையின் 5,800 பேரும் இணைந்தனர். இவர்கள் மொத்தம் 9,200 பேரே. ஆனால் வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் உற்பத்தி ஏறத்தாழ முழுமையாக நின்றது. போராட்டம் 54 நாட்கள் நீடித்தது; நிறுவனத்தின் இழப்பு 200 கோடி டாலரைக் கடந்தது. 1936-இல் அச்சுகள் வெளியேறாமல் காக்க அமர்ந்த அதே நகரில், 62 ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சுகளை முன்னிட்டே போராட்டம் எழுந்தமை குறிப்பிடத்தக்கது. அச்சு எங்கிருக்கிறதோ அங்கேதான் வேலையும் இருக்கும் என்பதைத் தொழிலாளர் இருமுறையும் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் உற்பத்தியை நிறுத்தும் ஆற்றலும் வேலையைக் காக்கும் ஆற்றலும் ஒன்றல்ல. சில ஆலைகளைக் குறிப்பிட்ட காலம்வரை விற்பதில்லை என்ற உறுதிமொழி 1998-இல் கிடைத்தது. உடன்பாட்டுக்கு அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, உதிரிபாகப் பிரிவான டெல்ஃபியைத் தனி நிறுவனமாகப் பிரிக்கும் முடிவை ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 1999-இல் அப்பிரிப்பு நிறைவேறியது. எந்தக் கண்ணியில் தொழிலாளர் வலிமை பெற்றிருந்தனரோ அந்தக் கண்ணியே நிறுவனத்துக்கு வெளியே சென்றது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்: 2023

2023 செப்டம்பர் 15-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களையும் எதிர்த்து ஒரே வேளையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இதற்கு முன் இவ்வாறு நிகழ்ந்ததில்லை. சங்கத்தின் ஏறத்தாழ 1,46,000 உறுப்பினருள் முதல் நாளில் வெளியேறியவர் சுமார் 13,000 பேர் மட்டுமே. நிறுவனத்துக்கு ஓர் ஆலையாக வெய்ன், வென்ட்ஸ்வில், டொலிடோ ஆகிய மூன்று பொருத்துதல் ஆலைகளில் வேலை நின்றது. 1937-இன் உள்ளிருப்புப் போராட்டத்தை நினைவூட்டும் வகையில் இதற்கு ‘எழுந்து நிற்கும் வேலைநிறுத்தம்’ எனப் பெயரிட்டனர்.

அடுத்து எந்த ஆலை நிற்கும் என்பது முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் காட்டிய நிறுவனத்துக்கு அவ்வாரம் விலக்கு அளிக்கப்பட்டது. காட்டாத நிறுவனத்தில் மேலும் சில இடங்கள் நின்றன. செப்டம்பர் 22-இல் 38 உதிரிபாக விநியோக மையங்களும், அக்டோபர் 11-இல் ஃபோர்டின் மிகுந்த வருவாய் ஈட்டும் கென்டக்கி டிரக் ஆலையும் சேர்க்கப்பட்டன. பணியில் தொடர்ந்தோர் ஊதியம் பெற்றதால் சங்கத்தின் நிதி காக்கப்பட்டது. 1970-இல் நேர்ந்த இடர் இம்முறை தவிர்க்கப்பட்டது எனலாம்.

அக்டோபர் 25 முதல் 30 வரை மூன்று நிறுவனங்களும் அடுத்தடுத்து உடன்பட்டன. 2028 ஏப்ரல் வரையிலான ஒப்பந்தக் காலத்தில் 25 விழுக்காடு அடிப்படை ஊதிய உயர்வும், விலைவாசிக்கேற்ற ஊதியத் திருத்தமும் கிடைத்தன. தன் இழப்பை ஃபோர்டு 170 கோடி டாலராகவும், ஜெனரல் மோட்டார்ஸ் 110 கோடி டாலராகவும் மதிப்பிட்டன.

இழப்பை மதிப்பிடுதல்

நிறுவனங்கள் அறிவிக்கும் இழப்புத் தொகையை அப்படியே பாதிப்பின் அளவாகக் கொள்ளல் பொருந்தாது. வேலைநிறுத்தக் காலத்தில் செய்யப்படாத கார்களுள் ஒரு பகுதி பின்னர் மிகைநேரப் பணியால் ஈடுசெய்யப்படுகிறது. அது தாமதமேயன்றி இழப்பன்று. மறுபுறம், பாகம் வாராமையால் நின்றுபோன ஆலைத் தொழிலாளரின் ஊதிய இழப்பும், சிறிய உதிரிபாக நிறுவனங்களின் இழப்பும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஓரிடத்தில் வேலை நிற்பதன் சுமையைப் போராட்டத்தில் வாக்களிக்காத தொழிலாளரும் சுமக்க நேர்கிறது. இடம் சார்ந்த உத்தியை மதிப்பிடும் ஆய்வுகள் இதனையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

கார் உற்பத்தியில் வேலைநிறுத்தத்தின் பாதிப்பு, ஆள்பலத்தினும் இடத்தையே மிகுதியும் சார்ந்துள்ளது என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. இருப்பையும் மாற்று ஆலையையும் குறைத்துச் செலவைச் சுருக்கும் நிறுவனம், தன்னையறியாமல் சில ஆலைகளின் தொழிலாளரை வலிமையுறச் செய்கிறது. ஆனால் அவ்வலிமை நிலையானதன்று. நிறுவனம் அக்கண்ணியைப் பிரிக்கவோ இடம் மாற்றவோ இயலும். எனவே ஒரு வேலைநிறுத்தத்தை ஆராய்வோர் எத்தனை பேர் வெளியேறினர் என வினவுவதோடு, அவர்கள் செய்த பாகம் வேறெங்கும் கிடைக்குமா, எத்தனை நாட்களுக்கு இருப்பு இருந்தது, போராட்டத்துக்குப் பின் அவ்வேலை எங்குச் சென்றது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் இன்றியமையாதது.