பழைய கிட்டாருக்கு ஒரு பரிசோதனை

கிட்டார் கற்றுக்கொள்ள ஆசை. புதிது வாங்கித் தர வீட்டில் யோசிக்கிறார்கள். பக்கத்துத் தெரு அண்ணன் தன்னுடையதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பளபளப்பைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். கீறல், மங்கிய வார்னிஷ், துருப்பிடித்த கம்பி இதெல்லாம் பெரிய குறையே இல்லை. கம்பிகளை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். ஆறு எஃகுக் கம்பிகளையும் சுருதி சேர்த்து முறுக்கினால், அவை கிட்டத்தட்ட 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி! வருடக்கணக்கில் இழுபட்டால் மரம் வளையாதா? கழுத்து வளைந்தால் கம்பிகள் மேலே தூக்கிக்கொள்ளும். லேசான வளைவை, கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம்; அது கடைக்காரர் வேலை. கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. அந்தக் கிட்டார் வேண்டாம்.

இனி சுவாரசியமான சோதனை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள். தலைப் பக்கமிருந்து எண்ணி 12ஆவது ஃப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள். கம்பியின் சரிபாதி அங்கேதான் இருக்கிறது. அந்த உலோகக் கோட்டுக்கு நேர் மேலே, மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி ஐந்தாவது கம்பியை அழுத்தாமல் விரலால் சும்மா தொட்டுக்கொண்டு மீட்டுங்கள். மீட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். மெல்லிய, தெளிவான நாதம் எழும். நடுப்புள்ளியை விரல் அசையவிடாததால், கம்பி இரண்டு பாதிகளாக அதிர்கிறது. சும்மா மீட்டினால் நொடிக்கு 110 முறை அதிரும் கம்பி, இப்போது 220 முறை அதிரும்.

அடுத்து, அதே கோட்டை ஒட்டித் தலைப் பக்கமாகக் கம்பியை நன்றாக அழுத்தி மீட்டுங்கள். பாதி நீளம்தானே? மறுபடி 220 வர வேண்டும். இரண்டு ஒலியும் ஒன்றாகக் கேட்டால் கிட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. அழுத்தியது கொஞ்சம் சுருதி கூடிக் கேட்கிறதா? பெரும்பாலும் கம்பி உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். உயரத்திலிருந்து அழுத்தும்போது கம்பி கூடுதலாக நீள்கிறது, விறைப்பு ஏறுகிறது, சுருதியும் ஏறுகிறது. 12ஆவது ஃப்ரெட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் நல்லது. 4ஐத் தாண்டினால் விரல் நுனி வலித்து ஒரு வாரத்திலேயே கிட்டார் பரண் ஏறிவிடும்!

புதிதாகக் கற்பவர்களின் விரலுக்கு நைலான் கம்பிக் கிட்டார் மிருதுவாக இருக்கும். ஆனால் சத்தம் கணீரென்று வரட்டுமே என்று அதில் எஃகுக் கம்பி மாட்டிவிடாதீர்கள். அந்தக் கிட்டார் ஏறக்குறைய 40 கிலோ இழுவிசைக்காகச் செய்யப்பட்டது. பிரிட்ஜே பிய்ந்து வந்துவிடும்.