பன்னிரண்டு கிலோ வியர்வை

1911 ஜூன் கடைசி வாரம். அண்டார்க்டிகாவில் சூரியனே தலைகாட்டாத நடுக்குளிர்காலம். கேப்டன் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கராட் என்ற மூன்று பேர், பேரரசப் பெங்குவினின் முட்டைகளை எடுத்துவர கேப் குரோசியருக்குக் கிளம்பினார்கள். போகவர ஐந்து வாரம். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி வரை இறங்கியது. கிளம்பும்போது செர்ரி-கராடின் தூக்கப்பையும் அதன் உள்ளுறையும் சேர்ந்து சுமார் 8 கிலோ. திரும்பி வந்து எடை போட்டால் 20 கிலோ! கூடியிருந்த 12 கிலோவும் பனிக்கட்டி. வானத்திலிருந்து விழுந்த பனி அல்ல. அவர் உடம்பிலிருந்து வந்த வியர்வையும் மூச்சும்தான் அப்படி உறைந்து கிடந்தன.

ஒரு நாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர், சுற்றிப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, ஈரமான சட்டை அப்படியே இறுகிவிட்டது. தலையைக் கீழே இறக்க முடியவில்லை. அடுத்த நான்கு மணி நேரம் வானத்தைப் பார்த்தபடியே சறுக்குவண்டியை இழுத்தார்.

துருவப் பகுதிக்குச் சுற்றுலாக் கப்பலில் போகிறவர்கள் பெட்டி கட்டும்போது குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.

இன்றைய அண்டார்க்டிகப் பயணம் செர்ரி-கராட் போன பயணம் இல்லை. அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயாவில் கப்பலேறி, சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையை இரண்டு நாள் குலுங்கிக் கடந்தால் அண்டார்க்டிகத் தீபகற்பம் வந்துவிடும். (பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது வாந்தி மாத்திரை என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள்.) கப்பல்கள் போவது நவம்பர் முதல் மார்ச் வரை, அதாவது அங்கே கோடை. டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையும் ஏறக்குறைய இதே அளவுதான். அப்புறம் எதற்கு அத்தனை உடுப்பு?

காற்றுக்காக. 1940-41இல் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்க்டிகாவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி வெளியே தொங்கவிட்டார்கள். வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார்கள். வானிலை அறிக்கைகளில் இன்று வரும் ‘காற்றுக் குளிர்’ கணக்கின் மூலம் அதுதான். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி அமைத்தன. புதிய சூத்திரத்தின்படி, பூஜ்ய டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெற்று முகத்துக்கு அது மைனஸ் 7 போல உறைக்கும். கப்பலிலிருந்து கரைக்குப் போவது ஸோடியாக் எனப்படும் திறந்த ரப்பர் படகில். காற்றே இல்லாத நாளிலும் படகின் வேகம் காற்றை உண்டாக்கிவிடும். மேலே கடல்நீர் வேறு தெறிக்கும்.

நாம் பேச்சுவழக்கில் ‘சூடான ஸ்வெட்டர்’ என்கிறோம். ஸ்வெட்டருக்கு ஏது சூடு? சூடு உடம்பினுடையது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறார். உடை செய்வதெல்லாம் காற்றை நூலிழைகளுக்கு நடுவே பிடித்து அசையாமல் வைப்பதுதான். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் வியர்வை புகுந்துவிட்டால் எவ்வளவு தடிமனான உடையும் வெறும் ஈரத்துணி.

பருத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்கச் சொல்வது இதனால்தான். நம்மூர் வெயிலுக்குப் பருத்தி பனியனை அடிக்க வேறு உடுப்பு கிடையாது. வியர்வையைக் குடிக்கும், உடம்போடு ஒட்டிக்கொண்டு மெதுவாக உலரும். உலரும் ஒவ்வொரு கிராம் வியர்வையும் சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மே மாதச் சென்னையில் இது சுகம். பனிச்சரிவில் ஏறி வியர்த்துவிட்டு, அதே பனியனோடு படகில் அரைமணி அசையாமல் உட்கார்ந்தால் பற்கள் தந்தியடிக்கும். ஜீன்ஸ் பேன்ட்டும் பருத்திதான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

உடம்பை ஒட்டிப் போட வேண்டியது மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடாது. ஈரம் இழையின் மேற்பரப்பு வழியே வெளிப்பக்கம் நகர்ந்து சீக்கிரம் காயும். கம்பளி செய்வது இன்னும் நேர்த்தியான வேலை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள் இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. இழுத்துக்கொள்ளும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். எளிதில் நாறவும் நாறாது. அதனால் பத்து நாள் பயணத்துக்கு இரண்டு ஜோடி போதும். அதற்கு மேல் காற்றைப் பிடித்துவைக்க ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பல கப்பல்களில் பார்கா எனப்படும் மேலங்கியைக் கொடுத்துவிடுவார்கள், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இரவல் கிடைக்கும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் கொட்டி தடித்த கோட்டு வாங்கியவர்கள், நீர் புகாத கால்சட்டையை மறந்துவிட்டுப் போவதுண்டு. படகிலிருந்து இறங்கும்போது நேராகக் கடல்நீரில்தான் காலை வைக்க வேண்டும். கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடாமல் உள்ளே செருகினால் தண்ணீரும் உள்ளேதான் இறங்கும்.

இந்த அடுக்கு முறையை ஏதோ நவீனக் கண்டுபிடிப்பு போலக் கடைகளில் விற்கிறார்கள். ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களுக்கு இது பரம்பரைச் சொத்து. கரிபூ மான் தோலில் இரண்டு அங்கி: உள்ளங்கியின் ரோமம் உடம்பைப் பார்த்து, வெளியங்கியின் ரோமம் உலகத்தைப் பார்த்து. அந்த ரோமத்தின் உள்ளேயும் காற்றறைகள். இடுப்பில் இறுக்காமல் தளரத் தைத்திருப்பார்கள். உடம்பு சூடேறினால் ஈரக்காற்று கழுத்து வழியே வெளியேறிவிடும். ரோல்டு ஆமுண்ட்சென் 1903 முதல் இரண்டு ஆண்டுகள் நெட்சிலிக் இனுயிட்டுகளின் அருகே தங்கி இதைக் கற்றுக்கொண்டார். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் தொட்டவரும் அவரே.

இதை வைத்து, அதே துருவத்துக்குப் போட்டியிட்டுப் பின்தங்கிய ஸ்காட்டை மட்டம் தட்டுவது சுலபம். அது நியாயமில்லை. ஆமுண்ட்சென் குழுவின் சுமையை நாய்கள் இழுத்தன. ஸ்காட்டின் ஆட்கள் தாங்களே வண்டி இழுத்தார்கள். அந்த உழைப்புக்கு முழு ரோம உடை போட்டிருந்தால் வியர்வையிலேயே மூழ்கியிருப்பார்கள். உடைக்குக் கணக்கு வெப்பநிலை மட்டும் அல்ல, அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதும்தான். (ஆமுண்ட்சென் இன்று நாய்களோடு போனால் இறங்கவே விடமாட்டார்கள். அண்டார்க்டிகாவில் நாய்களுக்குத் தடை. கடைசி நாய்கள் 1994இல் வெளியேற்றப்பட்டன.)

கப்பல் பயணியின் சிக்கல், அவர் ஒரே காலையில் இரண்டு வேலையும் செய்கிறார் என்பது. படகில் பொம்மை மாதிரி உட்காரும்போது 100 வாட், பெங்குவின் குடியிருப்பைப் பார்க்கப் பனிமேட்டில் ஏறும்போது 500 வாட்டுக்கும் மேல். தடித்த ஒற்றைக் கோட்டால் இந்த இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியாது. ஏற ஆரம்பிக்கும் முன்பே, லேசாகக் குளிரும்போதே, ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். வியர்த்த பிறகு திறந்து பயனில்லை.

காலுக்கும் இதே கதை. குளிருமே என்று இரண்டு தடித்த காலுறைகளைத் திணித்து பூட்ஸ் போட்டால் கால் இன்னும் சில்லிடும். நசுங்கிய கம்பளியில் காற்று நிற்காது, இறுகிய காலில் ரத்தம் ஓடாது. விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். கைக்கு, ஐந்து விரலையும் பிரித்து மாட்டும் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் பை போன்ற கையுறை மேல். வெப்பம் தப்பிக்கும் பரப்பு அதில் குறைவு. புகைப்படம் எடுக்க அதற்குள் மெல்லிய ஒன்று. இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். ஒரு ஜோடி நனையும், அது உறுதி. தலைக்குக் குல்லா தேவைதான். ஆனால் உடம்பு வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்பது கட்டுக்கதை. தலை உடம்பின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இழப்பும் ஏறக்குறைய அவ்வளவே.

கறுப்புக் கண்ணாடியையும் சன்ஸ்கிரீனையும் விட்டுவிடாதீர்கள். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், மோவாயின் அடிப்பக்கம்கூட வெந்துபோகும். கேமரா பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும்; சட்டையின் உள்பையில் வைத்தால் மீளும்.

இனி, எடுத்துப்போகக் கூடாதது. 2007-08 பருவத்தில் அண்டார்க்டிகா சென்றவர்களின் உடை, பை, காலணிகளை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். விதை ஒட்டியிருந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9.5 விதைகள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட விதைகள் போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சுற்றுலாப் பயணிகளைவிட ஆராய்ச்சியாளர்களும் அவர்களின் உதவியாளர்களுமே தலைக்கு அதிக விதை சுமந்தவர்கள். கிங் ஜார்ஜ் தீவில் போவா அன்னுவா என்ற வெளியூர்ப் புல் ஏற்கெனவே வேர் பிடித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் கண்டத்தை எட்டியதும் உறுதியானது. ஆகவே கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது.

வயல் வரப்பில் நடந்து வந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருமே, அது அங்கே முளைக்காது. குளிர் தேசத்து விதைகள்தான் ஆபத்து. கப்பலேறுவதற்கு முந்தைய வாரம் பாட்டகோனியா மலைகளில் மலையேற்றம் போய்விட்டு, அதே பேன்ட்டோடும் அதே பையோடும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். டிரேக் நீரிணையைக் கடக்கும் அந்த இரண்டு நாளில், ஒவ்வொருவராக வரச்சொல்லி, வாக்யூம் கிளீனரைச் சட்டைப்பைக்குள் விட்டு உறிஞ்சுகிறார்கள். அதில் வராததை, வெல்க்ரோ பட்டையின் கொக்கிகளுக்கு இடையிலிருந்து சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள்.