விழிக்கத் தாமதிக்கும் கணினி

வீட்டிலுள்ள பழைய கணினி இயங்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டால், அதற்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டுவது வழக்கம். புதிய கணினி வாங்க இயலாத வீட்டில் அம்முடிவு ஒரு மாணவரின் கற்றலையே தடுத்துவிடக்கூடும். தாமதம் எங்கே நிகழ்கிறது என்பதை அறிந்தால், கழித்துவிட எண்ணிய கணினியும் மேலும் சில ஆண்டுகள் பயன்தரும்.

தொடக்கத்தின் படிநிலைகள்

மின்பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. தாய்ப்பலகையின் சில்லு ஒன்றில் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிரல், நினைவகம் முதலிய உறுப்புகள் செம்மையாக உள்ளனவா என ஆராய்கிறது. பின்னர், இயக்க அமைப்பு இருக்கும் சேமிப்பகத்தைத் தேடுகிறது. மின்சாரம் நின்றதும் முதன்மை நினைவகத்திலுள்ளவை அழிந்துவிடுவதால், வழக்கமான தொடக்கத்தில் இயக்க அமைப்பைச் சேமிப்பகத்திலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியுள்ளது. அதனைத் தொடர்ந்து, பயனர் நிறுவிய மென்பொருள்கள் சிலவும் தாமாகவே இயங்கத் தொடங்குகின்றன.

காத்திருப்பின் கணக்கு

பழைய கணினிகளில் சேமிப்பகமாக இருப்பது பெரும்பாலும் சுழலும் வன்வட்டே. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய தரவு படிமுனைக்கு நேராக வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 4 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். படிமுனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு மேலும் சுமார் 9 மில்லிநொடி தேவை. ஆக, ஒவ்வோர் இடத்திற்கும் 13 மில்லிநொடி செலவாகிறது.

சிதறிக் கிடக்கும் 10,000 இடங்களிலிருந்து தரவைத் திரட்ட வேண்டியிருப்பதாகக் கொள்வோம். காத்திருப்பு மட்டுமே 130 நொடிகளாகிவிடும். தரவு வரும்வரை செயலி பெரும்பாலும் வாளாவிருக்கிறது. எனவே, குறை செயலியின் முதுமையில் இல்லை. வட்டின் சுழற்சியில் உள்ளது.

செலவில்லாத சீரமைப்பு

தாமாகத் தொடங்கும் மென்பொருள்களைக் குறைப்பதே முதற்பணி. விண்டோஸ் 10 இயக்க அமைப்பில், பணி மேலாளரின் தொடக்கப் பகுதியில் தேவையற்றவற்றை முடக்கலாம். முடக்குவதால் அவை அழிந்துவிடுவதில்லை. வேண்டும்போது திறந்து பயன்படுத்தலாம். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை மட்டும் முடக்குதல் கூடாது. கணினியை வேகப்படுத்துவதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களிடமும் விழிப்புத் தேவை. அவற்றுட் சில தாமும் தொடக்கத்திலேயே இயங்கிச் சுமையைக் கூட்டுகின்றன.

உறுப்பை மாற்றுதல்

தாமதம் நீடித்தால், வன்வட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை இயக்ககத்தைப் பொருத்தலாம். அதில் சுழலும் வட்டோ நகரும் படிமுனையோ இல்லை. தரவை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். முன்னர்க் கண்ட 10,000 இடங்களுக்கும் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பாகும். கணினியில் சாட்டா இணைப்பு உள்ளதா என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும். உறுப்பை மாற்றுவதற்கு முன், கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. நினைவகம் போதாதபோது இயக்க அமைப்பு சேமிப்பகத்தையே துணைக்கு அழைக்கும் என்பதால், நினைவகத்தைக் கூட்டுவதும் பயன்தரும்.

வேகத்தோடு பாதுகாப்பும்

விரைந்து தொடங்குவது மட்டும் போதாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்க இயலாத கணினிகளில், பாதுகாப்பு இற்றைகள் தொடர்ந்து கிடைக்கும் எளிய லினக்ஸ் இயக்க அமைப்பை நிறுவலாம்.

கழிக்கப்படும் கணினிகள் மின்னணுக் கழிவாகின்றன. அவற்றிலுள்ள ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற நச்சுப்பொருள்கள், முறையாகக் கையாளப்படாதபோது மண்ணையும் நீரையும் மாசுபடுத்துகின்றன. காரணமறிந்து ஓர் உறுப்பை மாற்றினால், எஞ்சிய உறுப்புகள் அனைத்தும் குப்பைக்குச் செல்லாமல் காக்கப்படுகின்றன. ஒரு வீட்டின் கல்விக் கருவியும் உடன் காக்கப்படுகிறது.